ரீச்சரின் வளவு: மாரிக்கு முதல் வடிகான்

ஆவணி பிறந்தால் எனக்குக் கடிதம் கூடிவிடும். கச்சான் காற்று வளவைச் சுட்டுப் புழுதியாக்கி வைத்திருக்கும் நேரம்தான் எங்கள் சனத்துக்கு மாரித் தோட்டத்தின் நினைவு வரும். இந்த முறை ஏழு கேள்விகளை எடுத்திருக்கிறேன். முதலாவதற்குப் பதில் நீண்டுபோய்விட்டது. மற்றவர்கள் கோபிக்க வேண்டாம், அதற்குள் உங்களுக்கும் விஷயம் இருக்கிறது.

கேள்வி: ரீச்சர், பட்டணத்தில் வாடகை வீட்டில் இருந்த நாங்கள் இந்த ஆனியில்தான் கன்னியாப் பக்கம் அரை ஏக்கர் வளவுக்குக் குடிவந்தோம். சிவப்புக் கல்மண். கிணறு, நாலு தென்னை, ஒரு வேம்பு. மிச்சமெல்லாம் பற்றை. மழைக்கு முதல் முழு வளவையும் உழுதுவிட இவர் லான்ட்மாஸ்டர் பேசிவிட்டார். எதிலிருந்து தொடங்குவது?
— வாசகி, கன்னியா

முதல் வேலையாக லான்ட்மாஸ்டர்காரருக்குப் போன் எடுத்து வேண்டாம் என்று சொல்லுங்கள், மகள். முற்பணம் கொடுத்திருந்தால் அது போகட்டும்.

காரணம் சொல்கிறேன். திருகோணமலையில் ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 1600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் நவம்பர், டிசம்பர் என்ற இரண்டே மாதத்தில் கொட்டிவிடும். அரை ஏக்கரையும் உழுது மொட்டையாக வைத்தால் உங்கள் மேல்மண் கார்த்திகைக்குள் பக்கத்து வளவுக்குப் போய்விடும். பிறகு கல் மட்டும்தான் உங்களுக்கு. இப்போது பற்றை பிடித்து வைத்திருக்கிற மண் அது. இருக்கட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம்.

இந்த மாரிக்கு இருபது அடிக்கு இருபது அடி போதும். இரண்டு பேர் தின்ன, மிஞ்சினதை அயலுக்குக் கொடுக்க அது காணும். குசினி வாசலில் நின்று பார்த்தால் தெரிகிற இடமாக இருக்க வேண்டும். கிணற்றுக்குப் பின்னால், வேம்புக்கு அப்பால் என்று வைத்தால், மழை விடாமல் பெய்கிற நாட்களில் நீங்கள் அந்தப் பக்கம் போகவே மாட்டீர்கள். புழுவுக்கு அது தெரியும். வேம்பின் நிழலும் ஆகாது. பின்னேர வெயில் குறைந்தாலும் காலை வெயில் கட்டாயம்.

இடத்தைப் பிடித்த பிறகு எல்லாரும் விதைக்கு ஓடுவார்கள். நானும் ஓடினேன். என் கதையைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்வது சரியில்லை.

பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் விவசாயம் படிப்பித்தவள் நான். ஓய்வு பெற்ற வருஷம் தம்பலகாமத்தில் வயலோரத்து மேட்டு வளவில் என் முதல் தோட்டத்தைப் போட்டேன். அப்பா போட்ட மாதிரியே பாத்தியைத் தாழ்த்தி, சுற்றி வரம்பு கட்டி, அறுபது கத்தரிக் கன்று. அழகென்றால் அழகு. ஆனால் அப்பா அப்படிப் போட்டது சித்திரை வெயிலுக்கு, கிணற்றுத் தண்ணீரை ஒரு சொட்டும் வீணாக்காமல் பாய்ச்சுவதற்கு. நான் போட்டது ஐப்பசியில். கார்த்திகை நடுவில் மூன்று நாள் விடாத மழை. பாத்தி குளமானது. நாலாம் நாள் வெயில் எறித்ததும் கன்றெல்லாம் தலையைத் தொங்கப் போட்டன. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வாடுகிறதே, தண்ணீர் காணாதாக்கும் என்று! 'வேரும் சுவாசிக்கும், அதற்கும் காற்று வேண்டும்' என்று கரும்பலகையில் வருஷா வருஷம் எழுதியவள் கையில் வாளியோடு போய் நின்றேன். அறுபதில் மிஞ்சியது பதினொன்று.

எங்கள் பகுதியை உலர்வலயம் என்று சொல்லிச் சொல்லி, தண்ணீர் இல்லாமைதான் ஒரே கவலை என்று பழகிவிட்டோம். மாரித் தோட்டத்துக்கு அந்தக் கணக்குத் தலைகீழ். தண்ணீரை எப்படி வெளியே அனுப்புவது என்பதை முதலில் தீர்மானியுங்கள். விதை அதற்குப் பிறகு.

எனவே இந்த வாரம் செய்ய வேண்டியது இது. நீங்கள் நினைத்த இடத்தில் ஓரடி ஆழத்தில் ஒரு குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். காய்ந்த மண் முதல் தடவை மடமடவென்று குடித்துவிடும், அதை நம்பக் கூடாது. இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் நிரப்பிவிட்டு நேரத்தைப் பாருங்கள். சில மணித்தியாலத்தில் வற்றினால் நல்ல இடம். பின்னேரம் ஊற்றியது விடிந்தும் நின்றால் கீழே இறுகிய படை இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றில் இடத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பாத்தியை ஓரடிக்கு உயர்த்துங்கள்.

அடுத்தது கூரை. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். உங்கள் கூரை ஐம்பது சதுர மீற்றர் என்று வைத்தால், இருபது மில்லிமீற்றர் மழைக்கு ஆயிரம் லீற்றர் இறங்கும். பீலி இல்லாத வீட்டில் அந்த ஆயிரம் லீற்றரும் தாவாரத்திலிருந்து நேரே உங்கள் பாத்திக்குத்தான் வரும். ஆகவே வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையில் குறுக்கே ஒரு கான் வெட்டுங்கள். பத்தடிக்கு ஓரங்குலம் சரிவு இருந்தால் போதும், அதற்கு மேல் சரித்தால் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். மட்டம் பார்க்க மேசன்மார் பிடிக்கிற தண்ணீர்க் குழாய் ஒன்றை இரவல் வாங்குங்கள். கானின் முடிவில் ஒரு பெரிய கிடங்கு வெட்டி அதன் ஓரத்தில் வாழை வையுங்கள். கிணற்றுப் பக்கமாகக் கானைத் திருப்பிவிட வேண்டாம், எருவும் சாணியும் கரைந்த தண்ணீர் அது.

சிவப்பு மண் இப்போது அலவாங்கு போட்டாலும் தெறிக்கும். மழை வந்தபின் வெட்டினாலோ மண்வெட்டியில் அப்பமாக ஒட்டும், அப்படி மிதித்து வெட்டிய கட்டி காய்ந்தால் செங்கல். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் உண்டு. முதல் நாள் பின்னேரம் நாலைந்து வாளி ஊற்றி நனைத்துவிட்டு அடுத்த நாள் காலையில் வெட்டிப் பாருங்கள், கேட்கும். ஒரே நாளில் முடிக்க வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு பாத்தி. மூன்றடி அகலம், முக்காலடி உயரம், நடுவில் ஒன்றரை அடி நடைபாதை. அந்த நடைபாதைதான் உங்கள் வடிகானும். இரண்டு பக்கமும் நின்று கை எட்டுகிற அகலம் என்பதால் பாத்தியில் கால் வைக்க வேண்டிய தேவையே வராது. கால் வைக்காத மண்தான் பொலபொலவென்று இருக்கும்.

எருவுக்கு இப்போதே கும்பி போடுங்கள். பட்டியிலிருந்து உழவு மெசினில் ஏற்றி வரும் காய்ந்த மாட்டெருவை அப்படியே பாத்தியில் கொட்டாதீர்கள். மாடு தின்ற புல்லின் விதையெல்லாம் அதற்குள் உயிரோடு இருக்கும். மாரி முழுக்கப் புல் பிடுங்குவீர்கள். மூன்றடிக்கு மூன்றடி, இடுப்பு உயரத்தில் ஒரு கும்பி: ஒரு படை சீமைக்கிளுவைக் குழை, ஒரு படை வைக்கோல் அல்லது சருகு, அதன்மேல் எரு, தண்ணீர். கையில் எடுத்துப் பிழிந்தால் இரண்டு சொட்டு விழ வேண்டும், ஒழுகக் கூடாது. மூன்றாம் நாள் உள்ளே கையை விட முடியாத சூடு வரும், அந்தச் சூட்டில்தான் விதை சாகும். பத்து நாளைக்கு ஒரு தடவை வெளியை உள்ளே, உள்ளை வெளியே புரட்டிக் கொடுங்கள். ஐப்பசி நடுவில் கறுத்துப்போய் மண் வாசம் வரும். மழை தொடங்கினால் தறப்பாளால் மூட மறக்க வேண்டாம், சத்து முழுக்கக் கழுவுண்டு போய்விடும். 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தின நேரம், எரு என்று சொல்லி எதையெல்லாமோ பையில் கட்டி விற்றார்கள். அன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் நிம்மதியாக இருந்தது கும்பி வைத்திருந்த மூன்று வீடுதான்.

புரட்டாதி முதல் வாரத்துக்கும் மூன்றாம் வாரத்துக்கும் இடையில் மிளகாயும் கத்தரியும் நாற்று மேடைக்குப் போக வேண்டும். மேடையின் மேல் வைக்கோலும் உமியும் பரவி எரித்துவிடுங்கள், மேல்மண்ணில் இருக்கிற நாற்றழுகல் பூஞ்சணம் போகும். ஆறியபிறகு நாலு அங்குல இடைவெளியில் கோடு கீறி ஐதாக விதையுங்கள். நெருங்கினால் கன்று ஊசியாகப் போகும். எறும்பு விதையைத் தூக்கும், சுற்றிச் சாம்பல் தூவுங்கள். மூடின வைக்கோலை முளை கண்ட அன்றே எடுத்துவிடுங்கள். நாலைந்து கிழமையில் நடலாம். கத்தரியில் திருநெல்வேலி ஊதா கேட்டு வாங்குங்கள், எங்கள் நாக்குக்குப் பழகின காய். வெண்டியில் எம்.ஐ. 5. இந்த எம்.ஐ. என்னவென்று பிள்ளைகள் கேட்பார்கள்: மகா இலுப்பள்ளம, ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர்.

வெண்டி, பயற்றை, பூசணி, சோளன் நாற்றுப் போடத் தேவையில்லை, நேரே விதைக்கலாம். ஆனால் முதல் தூறலுக்கு ஏமாந்து போகாதீர்கள். புரட்டாதிக் கடைசியில் இடி இடித்து ஒரு மழை பெய்யும், மண் மணக்கும், எல்லாரும் விதைப்பார்கள். அப்புறம் பத்து நாள் வெயில். முளைத்ததெல்லாம் கருகும். விரலை விட்டுப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் இறங்கியிருந்தால் மட்டும் விதையுங்கள்.

அப்படி ஐப்பசி நடுவில் விதைத்தால் கீரை ஒரு மாதத்தில் சட்டிக்கு வரும். வெண்டி ஒன்றரை மாதம், பயற்றை இரண்டு மாதம். கத்தரியும் மிளகாயும் தைப்பொங்கலுக்குத்தான். கார்த்திகையில் உங்களுக்குத் தோட்டத்தில் பெரிய வேலை இராது. கான் அடைபடாமல் பார்ப்பதும், சாய்ந்ததற்குத் தடி கட்டுவதும்தான். வெறுங்காலோடு சேற்றில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் எங்கள் மாவட்டத்தில் மாரியோடு வருகிற வருத்தம். சப்பாத்துப் போடுங்கள். வயலிலும் சேற்றிலும் வேலை செய்கிறவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முற்காப்பு மாத்திரை கொடுக்கிறார்கள், போய்க் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் வளவு கடலிலிருந்து கால் மைல் கூட இல்லை. வெறும் மணல். எவ்வளவு எரு போட்டாலும் அடுத்த மாரிக்குள் காணாமல் போகிறது. ரீச்சர் சொல்லுகிற வடிகான் எங்களுக்கும் வேண்டுமா?
— வாசகர், நிலாவெளி

உங்களுக்கு வேண்டாம் தம்பி. மணல்காரருக்கு நான் மேலே எழுதியதில் பாதி பொருந்தாது. உங்கள் தண்ணீர் தானாகவே கீழே போகிறது, போகும்போது எருவின் சத்தையும் கொண்டு போகிறது. எருவை ஒரே தரத்தில் கொட்டுவதை விட்டுவிட்டு, மாதத்துக்கு ஒரு கடகம் என்று சிறிது சிறிதாக வேரடியில் போடுங்கள்.

பொச்சுமட்டை சும்மா கிடக்கிற ஊர் உங்களுடையது. இரண்டடி ஆழக் குழி வெட்டி, அடியில் பொச்சுமட்டையை உள்பக்கம் மேலே பார்க்க இரண்டு படை அடுக்கி, மண் மூடி அதன்மேல் நடுங்கள். தென்னைக்கு இப்படிப் புதைக்கச் சொல்வது பழைய ஆலோசனைதான், பூசணிக்கும் மரவள்ளிக்கும் அதே வேலையைச் செய்யும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து மாசியில் திருப்பித் தரும். குளம் வற்றியிருக்கிற இந்த நேரத்தில் வண்டல் கிடைத்தால், கமநல சேவை நிலையத்தில் கேட்டு அனுமதியோடு இரண்டு லோட் எடுப்பது எருவைவிட நல்லது. கேட்காமல் குளத்தில் கை வைக்கக் கூடாது. களி கலந்த மணல் சத்தைப் பிடித்து வைக்கும்.

கிணற்றில் மோட்டரை மணிக்கணக்காக ஓடவிடாதீர்கள். கரையோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. மேலே இருப்பதை இறைத்துத் தீர்த்தால் கீழே இருப்பது ஏறி வரும். சின்ன வெங்காயம் நடுகிற ஆசையும் இருக்கும், உங்கள் பக்கத்து மண் அதற்குப் பேர் போனது. மழை ஓய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: போன மாரியில் கத்தரிக் கன்றுகள் பச்சையாக நின்றபடியே ஒவ்வொன்றாக வாடிச் செத்தன. தண்ணீர் நிற்கவில்லை. புழுவும் இல்லை. அதே இடத்தில் இந்த முறை தக்காளி வைக்கலாமா?
— வாசகி, மூதூர்

வைக்காதீர்கள். முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை. அடுத்த முறை ஒரு கன்று வாடத் தொடங்கினால், அடித்தண்டில் ஒரு சாண் துண்டு வெட்டி, கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீரை விட்டு, வெட்டு வாய் தண்ணீரில் தொடும்படி பிடியுங்கள். ஐந்து நிமிஷத்துக்குள் வெட்டு வாயிலிருந்து பால் மாதிரி வெள்ளை நூல் இறங்கினால் அது பற்றீரியா வாடல். என் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது, செத்துக்கொண்டிருக்கிற கன்றைப் பார்த்துக் கைதட்டுவார்கள். நூல் இறங்காவிட்டால் தண்டைப் பிளந்து பாருங்கள். துளையும் அரியலும் இருந்தால் தண்டு துளைப்பான்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பற்றீரியாதான் போல இருக்கிறது. அதற்கு மருந்து தேடிக் கடை கடையாக அலைய வேண்டாம். செத்த கன்றை வேரோடு எடுத்து எரியுங்கள், எருக்கும்பியில் போடாதீர்கள். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். அந்தப் பாத்தியில் மூன்று நாலு வருஷத்துக்கு அவை வேண்டாம். சோளன், பயற்றை என்று மாற்றுங்கள். இந்தக் கிருமி தண்ணீரில் பயணம் செய்கிறது. மேல்பாத்தியில் வாடல் இருந்து, வடிகிற தண்ணீர் கீழ்ப்பாத்தி வழியாக ஓடினால் கீழேயும் வரும். கத்தரி இல்லாமல் இருக்க முடியாது என்றால் சுண்டைக் கன்றில் கத்தரியை ஒட்டுப் போடப் பழகுங்கள். சுண்டை வேர் இந்த வாடலைத் தாங்கும்.

கேள்வி: கனடாவில் இருக்கிற தங்கச்சி தன் தோட்டத்துப் படம் அனுப்பியிருக்கிறாள். பலகையால் பெட்டி அடித்து மண் நிரப்பி, ஒக்ரோபரில் உள்ளி நடுகிறாளாம். நாங்களும் அப்படிச் செய்தால் என்ன?
— வாசகி, உப்புவெளி

படம் வடிவாகத்தான் இருக்கும். ஆனால் தங்கச்சியின் ஒக்ரோபரும் உங்கள் ஒக்ரோபரும் வேறு. அங்கே நிலம் உறைவதற்குச் சில கிழமைக்கு முன்பு உள்ளிப் பல்லை ஊன்றி மேலே வைக்கோல் மூடுகிறார்கள். குளிர் முழுக்க அது நிலத்துக்குள் கிடந்து, அடுத்த ஆடியில் கிண்டி எடுக்கிறார்கள். அந்தக் குளிர் பட்டால்தான் உள்ளி பல்லுப் பல்லாகப் பிரியும். எங்கள் மார்கழிக் கூதல் அதற்குக் காணாது. இங்கே நட்டால் தாள் வரும், அதைச் சம்பலுக்கு வெட்டிப் போடலாம். அவ்வளவுதான்.

பலகைப் பெட்டி அடித்தால் கறையானுக்கு விருந்து. உடைந்த சீமெந்துக் கல், பழைய ஓடு இருந்தால் ஓரத்துக்கு ஊன்றுங்கள். ஒன்றும் இல்லையென்றால் பாத்தியின் ஓரத்தைச் சரிவாக அடித்து விடுங்கள், அதுவும் நிற்கும். தங்கச்சியிடமிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: வெறும் மண்ணை மழைக்கும் வெயிலுக்கும் காட்டாமல் வைக்கோலால் மூடுகிறாள் அல்லவா, அதை நீங்களும் செய்யலாம். தண்டை முட்டாமல் நாலு விரல் விட்டு மூடுங்கள். கையை விட்டு அளையும்போது கவனம், கண்ணாடி விரியனுக்கும் வைக்கோல் பிடிக்கும். முதலில் தடியால் தட்டுங்கள்.

கேள்வி: கட்டாக்காலி மாடு, குரங்கு. இரண்டுக்கும் ஒரு வழி?
— வாசகர், கிண்ணியா

மாட்டுக்கு வழி உண்டு. விதைக்கு முதல் வேலி. முதல் நல்ல மழையோடு சீமைக்கிளுவைக் கதியாலை ஒன்றரை அடிக்கு ஒன்றாக நடுங்கள், பிடித்துவிடும். ஒரு வருஷத்துக்குக் கூடவே முள்ளுக்கம்பி வேண்டும். இரண்டாம் வருஷத்திலிருந்து வேலியே உங்களுக்குக் குழை எருவும் தரும். தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்ததாக நாலாவது பெருந்தோட்டப் பயிர் என்று அரசாங்கம் அதற்குப் பட்டம் கொடுத்திருக்கிறது. எங்கள் வேலியில் அது பட்டம் கேட்காமலே நின்றது.

குரங்குக்கு என்னிடம் மருந்து இல்லை. ரேடியோ, கண்ணாடி, பொம்மை, பொம்மைப் புலி எல்லாம் வைத்துப் பார்த்தேன். புலியின் தலையில் ஏறி இருந்து என் பப்பாசியைத் தின்றது. என் வளவில் அது தொடாமல் விட்டவை மஞ்சள், இஞ்சி, பாகல், சுண்டை. வேலியோரத்துக்கு அவற்றை வையுங்கள்.

யானை வருகிற பக்கத்து ஆட்களும் இதை வாசிப்பீர்கள். வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பிக்குக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். அதில் யானையும் சாகிறது, காலையில் கான் துப்புரவாக்கப் போகிற வீட்டுக்காரரும் சாகிறார்.

கேள்வி: வாழை குலை தள்ளுகிற நேரம் பார்த்து ஒவ்வொரு கார்த்திகையும் காற்றுக்கு விழுகிறது. எப்போது நட்டால் தப்பும்?
— வாசகர், குச்சவெளி

கப்பல் வாழை என்றால் ஏறக்குறைய ஒரு வருஷப் பயிர். இந்த மாரித் தொடக்கத்தில் நட்டால் அடுத்த மாரிக் காற்றுக்குத்தான் குலையோடு நிற்கும். மாசி, பங்குனியில் ஈரம் இருக்கும்போதே நட்டுக் கோடைக்குத் தண்ணீர் கொடுக்க உங்களால் முடிந்தால், மார்கழியில் அது முற்றிய குலையின் பாரம் இல்லாத மரமாக நிற்கும். ஆனால் புயல் மாதம் கேட்டு வருவதில்லை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி உங்கள் பக்கத்தில், திரியாய்க்குக் கிட்டத்தான் கரையேறியது. அன்று மத்தியானம் ரேடியோவில் கேட்டுவிட்டு நான் கத்தியோடு போய் வாழை இலையெல்லாவற்றையும் வெட்டி, நடுக்குருத்தையும் இரண்டு இலையையும் மட்டும் விட்டேன். இவர் எனக்குப் பைத்தியம் என்றார். காற்றுப் பிடிக்கிற பாய் இல்லாவிட்டால் மரம் நிற்கும். பதினான்கில் பன்னிரண்டு நின்றது. குலைத்த மரத்துக்கு இரண்டு கவைத்தடி, காற்று வருகிற பக்கத்துக்கு எதிரே.

கேள்வி: நாங்கள் 2006இல் இடம்பெயர்ந்து, பத்து வருஷம் கழித்து 2016இல் ஊருக்குத் திரும்பியவர்கள். முன் வளவைத் துப்புரவாக்கி வீடும் கட்டிவிட்டோம். பின் வளவில் அப்பாவின் பழைய தோட்டம் இருந்த இடம் இன்னும் காடு. இந்த மாரிக்கு அதில் கை வைக்கலாம் என்று இருக்கிறேன். பழைய தேசி மரம் ஒன்று பாதி பட்டுப்போய் நிற்கிறது. அதை வெட்டிவிடவா?
— வாசகர், சம்பூர்

கத்தியோடு உள்ளே போகும் முன் ஒரு நாள் சும்மா நடந்து பாருங்கள். நிலத்தில் கம்பியோ, துருப்பிடித்த இரும்போ, என்னவென்று தெரியாத எதுவோ கண்டால் தொடவும் வேண்டாம், உதைக்கவும் வேண்டாம். அடையாளம் வைத்துவிட்டு வந்த காலடியிலேயே திரும்பி வந்து பொலிசில் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தை எரிக்கவும் கூடாது. கண்ணிவெடி அகற்றின இடம் என்று தாளில் இருந்தாலும் இது என் வேண்டுகோள்.

பிறகு, அப்பா எங்கே பாத்தி போட்டிருந்தார் என்று ஊரில் மூத்தவர்கள் யாரையும் கூட்டி வந்து கேளுங்கள். இருபது வருஷம் சருகு விழுந்து உக்கின மண், அது நீங்கள் விலை கொடுத்து வாங்க முடியாத சாமான். பற்றையை வேரோடு பிடுங்காமல் நிலமட்டத்துக்கு வெட்டி, வெட்டினதை அங்கேயே பரப்பி விடுங்கள். இந்த மாரிக்கு வற்றாளைக் கொடி மட்டும் போதும். மேட்டில் நட்டால் அது படர்ந்து நிழல் கொடுத்து, கோரையைக்கூட அமுக்கும். கோரைக்கு நிழல் ஆகாது. உழவு மெசினை விட்டுக் கிழங்கைத் துண்டு துண்டாக்கினால்தான் அது பத்தாகும்.

பழைய கிணற்றுத் தண்ணீரை இறைத்துத் துப்புரவாக்காமல் குடிக்க எடுக்காதீர்கள். இறங்குகிறவர் தனியாக இறங்கக் கூடாது, மூடிக் கிடந்த கிணற்றில் மூச்செடுக்கக் காற்று இராது.

தேசியை வெட்டாதீர்கள். பட்ட கொப்பில் நகத்தால் கீறிக்கொண்டே கீழே வாருங்கள், பச்சை தெரிகிற இடத்துக்குச் சற்று மேலே, கூரான வாளால் சரிவாக அறுங்கள். மழை தொடங்க முதல் செய்துவிடுங்கள், நனைந்த வெட்டு அழுகும். மரத்தில் குருவிச்சை என்ற ஒட்டுண்ணிச் செடி ஏறியிருந்தால் அது பிடித்திருக்கிற கொப்போடு எடுங்கள். தண்டிலிருந்து மூன்றடி தள்ளிச் சுற்றிவர ஒரு சின்னக் கிடங்கு வெட்டி இரண்டு கடகம் உக்கின எருவும் ஒரு சிரட்டைச் சாம்பலும் போட்டு மூடுங்கள். கிடங்கில் தண்ணீர் தேங்காமல் ஒரு பக்கம் வாய் விடுங்கள். மழை ஓய்ந்து, மாசியில் துளிர்க்கிறதா, பூக்கிறதா என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.